கேரவனோடு மலைக்குப் போகிறீர்களா? ஜிபிஎஸ் வாங்குமுன் படியுங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "நானும் வீட்டுக்காரரும் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய ஸ்ப்ரைட் ஸ்விங் கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். டிசம்பரில் டிராக்கன்ஸ்பெர்க் மலை, அங்கிருந்து கிளாரன்ஸ் ஊர். அடுத்த ஜூலையில் பேரப்பிள்ளைகளோடு குரூகர் வனவிலங்குப் பூங்கா. அவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது என் வேலை. கடையில் கேரவனுக்கென்றே செய்த ஜிபிஎஸ் ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. மகன் போனே போதும் என்கிறான். மலையில் சிக்னல் இருக்காதே அண்ணா, எதை நம்பிப் போவது?"

உங்கள் மகன் சொல்வது பாதி சரி அம்மா. போன் போதும். ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், கூடவே இன்னொரு வரைபடம் வேண்டும், புறப்படுவதற்கு முந்தின இரவு வழி முழுவதையும் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது.

முதலில் அந்தக் கடைச் சாமானைப் பற்றி. கேரவனுக்கென்று கார்மின், டாம்டாம் போன்றவர்கள் செய்யும் கருவிகளில் வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை எல்லாம் பதியலாம். தாழ்வான பாலம், எடைத் தடை உள்ள சாலை என்று வரைபடத்தில் குறித்திருந்தால் அதைத் தவிர்த்து வழி போடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரிய உதவி. நம் தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. இங்கே சட்டப்படி லாரி 4.3 மீட்டர் உயரம் வரை போகலாம். உங்கள் கேரவன் அதைவிட மிகத் தாழ்வு. லாரி போகிற நெடுஞ்சாலையில் உங்கள் கூரை இடிக்கப் போவதில்லை. உயரத்தில் கவனம் வேண்டிய இடங்கள் கடைத்தெருக் கட்டடங்களின் கார் நிறுத்தமும் பழைய பெட்ரோல் பங்க்குகளின் கூரையும்தான். அதற்கு ஒரு அளவுநாடா போதும். ஏரியலையும் சேர்த்து அளந்து, எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

நமக்கு வரும் தொல்லை மூன்று: சரளைச் சாலை, செங்குத்தான ஏற்றம், திரும்ப இடமில்லாத முட்டுச்சந்து. இந்த மூன்றிலிருந்தும் காப்பது வரைபடத்தின் தரமும் நீங்கள் அமைப்பில் தட்டுகிற இரண்டு மூன்று பொத்தான்களும். ஆகவே அந்தப் பணத்தைக் கேரவனின் டயருக்கும் பிரேக்குக்கும் செலவழியுங்கள் என்பேன். பெரிய திரை வேண்டும், போனை வேறு வேலைக்கு விட்டுவைக்க வேண்டும் என்றால் 7 அங்குலச் சாதாரண ஜிபிஎஸ் ஒன்றை வாங்கலாம், தப்பில்லை. வாங்குமுன் பெட்டியில் தென்னாப்பிரிக்க வரைபடம் இருக்கிறதா, அதை இலவசமாகப் புதுப்பித்துத் தருவார்களா என்று கேளுங்கள். என்3 சாலையில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் அகலப்படுத்தும் வேலையில் இறங்கும் வழிகளே மாறுகின்றன. பழைய வரைபடத்துக்கு அது தெரியாது.

இப்போது சிக்னல். இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் வேறு, செல்போன் சிக்னல் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கு கண்ணுக்குக் கிடைத்தால் போதும், போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். சிம் கார்டே இல்லாவிட்டாலும் போடும். மலைக்குள் உங்களிடம் இல்லாமல் போவது அந்த இடத்தைக் காட்டும் வரைபடம். டேட்டா இல்லையென்றால் நீலப் புள்ளி மட்டும் வெள்ளைத் திரையில் நிற்கும். மலையில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். லோட் ஷெடிங் நேரத்தில் ஊருக்குள்ளேயே செல்போன் கோபுரங்கள் படுத்துவிடுவதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தானே.

அதனால் வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து குவாசுலு-நட்டாலையும் ஃப்ரீ ஸ்டேட்டின் கிழக்குப் பக்கத்தையும் ஆஃப்லைனாக இறக்குங்கள். அப்படி இறக்கியதற்குக் காலாவதி உண்டு, புறப்படும் வாரத்தில் ஒரு முறை புதுப்பியுங்கள். இரண்டாவதாக ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலி. இரண்டும் பொதுமக்களே சேர்ந்து செய்யும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து இயங்குபவை, டேட்டா இல்லாமலே வழி போடும். சரளை, மணல், ஆற்றுக் கடப்பு என்று உள்ளே போகிறவர்களுக்கு நம் ஊரிலேயே பிறந்த டிராக்ஸ்4ஆப்பிரிக்கா உண்டு. பயணிகள் தாங்களே ஓட்டிப் பதிந்த தடங்களைச் சேர்த்துச் செய்த வரைபடம் அது. தூரத்தோடு, ஒரு சாலையைக் கடக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லும். கிளாரன்ஸ் போக அது தேவைப்படாது. பிற்பாடு நமீபியா, போட்ஸ்வானா என்று ஆசை வந்தால் அதை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வெயிலில் போன் கொதிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் ஒட்டி, சார்ஜரும் போட்டு, டிசம்பர் வெயிலில் விட்டால் சூடு தாங்காமல் திரை அணைந்துவிடும். எனக்கு மூய் ரிவர் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் அப்படி ஆனது. அதிலிருந்து போனை ஏசிக் காற்று வரும் துவாரத்தின் முன்னால் மாட்டுகிறேன். கையில் வைத்து ஓட்டினால் அபராதம், அது உங்களுக்கே தெரியும். இழுவைக்கென்று நீட்டி மாட்டிய பக்கக் கண்ணாடியை மறைக்காத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். கேரவன் ஓட்டுகிறவருக்கு அந்தக் கண்ணாடிதான் பின்கண்.

சரி, அமைப்புகள். இங்கேதான் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நாட்டிங்ஹாம் ரோடு ஊரைத் தாண்டி கம்பெர்க் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கருவியில் "மிகக் குறுகிய வழி" என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். தார் முடிந்து சரளை. சரளை முடிந்து சிவப்பு மண். அப்புறம் ஒரு பண்ணைக் கதவு, பூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, மழை வேறு பிடித்துக்கொண்டது. கேரவனோடு பின்னால் வர அரை கிலோமீட்டர், ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அது வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. கடைசியில் கொக்கியைக் கழற்றி, கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி சக்கரம் சேற்றில் புதையாமல் இருக்க என் மனைவி தரைப்பாயை மடித்து அடியில் போட, பண்ணை ஆட்கள் நான்கு பேர் வந்து கையால் கேரவனைத் திருப்பித் தந்தார்கள். பானையில் இருந்த பிரியாணியை அவர்களோடு அங்கேயே நின்று சாப்பிட்டோம். அந்தக் குறுகிய வழி மிச்சப்படுத்தித் தந்திருக்கக்கூடியது ஏழு கிலோமீட்டர்.

ஆகவே முதல் பொத்தான்: எப்போதும் "விரைவான வழி", ஒருநாளும் "குறுகிய வழி" வேண்டாம். இரண்டாவது: மண் சாலையைத் தவிர் என்பதைத் தட்டி வையுங்கள். கார்மின், வேஸ், ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மூன்றாவது: சுங்கத்தைத் தவிர் என்பது அணைந்திருக்கட்டும். அதைப் போட்டால் என்3-ஐ விட்டு ஆர்103 சாலையில் இறக்கி, ஊர் ஊராக, ரோபோட் (போக்குவரத்து விளக்கு) ரோபோட்டாக நிறுத்தி எடுக்க வைக்கும். காரோடு கேரவன் இழுத்தாலும் சுங்கத்தில் முதல் வகுப்புக் கட்டணம்தான், கேரவனுக்குத் தனியாக வாங்குவதில்லை. மிச்சம் பிடிக்க நினைத்துக் குழியில் விழுந்து டயர் வாங்குவது வீண்.

அமைப்புகளைச் சரிசெய்தாலும் கருவிக்கு ஏற்றத்தின் கடுமை புரியாது. சானி கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி 2,876 மீட்டர், நான்கு சக்கர இழுவை வண்டிக்கே பயமான பாதை. வரைபடத்தில் அண்டர்பெர்க் பக்கமிருந்து லெசோத்தோ நாட்டுக்குள் போகும் அழகான குறுக்குக் கோடு அவ்வளவுதான். மேற்குக் கேப்பில் ஸ்வார்ட்பெர்க் கணவாயும் அப்படி: தாமஸ் பெய்ன் 1880களில் கட்டிய, பார்க்க வேண்டிய அற்புதம், ஆனால் கேரவனோடு போகக் கூடாத சரளை வளைவுகள். அதே மலையை மெய்ரிங்ஸ்போர்ட் வழியாகத் தார்ச்சாலையில் சுகமாகக் கடக்கலாம்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். வின்டர்டன் பக்கமிருந்து கிளாரன்ஸ் போக பெர்க்வில், ஆர்74, ஒலிவியர்ஷூக் கணவாய், ஸ்டெர்க்ஃபோன்டைன் அணை, பிறகு ஆர்712-இல் கோல்டன் கேட் பூங்காவுக்குள்ளேயே புகுந்து போகலாம். ஒலிவியர்ஷூக் தார்தான், ஆனால் ஏற்றம் உண்டு. முந்தின நாள் தங்கும் விடுதிக்கு ஒரு போன் போட்டு, "கேரவனோடு வருகிறோம், குழி எப்படி?" என்று கேளுங்கள். எந்தச் செயலியையும்விட அங்கே போனை எடுப்பவர் சொல்வது புதுச் செய்தி. என்3-இல் வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் வழியாகச் சுற்றி வருவது மாற்று வழி. அங்கே லாரிக் கூட்டமும் மூடுபனியும் உண்டு. 2024 செப்டம்பரில் பனி கொட்டி அந்தப் பகுதியில் என்3 மூடப்பட்டு, மக்கள் இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். டிசம்பரில் அந்தக் கவலை இல்லை. ஜூலையில் கிளம்பும்போது வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழியை முடிவு செய்ததும் சேருமிடத்தை மட்டும் தட்டி விட்டுவிடாதீர்கள். நீங்கள் போக விரும்பும் ஊர்களை இடைநிலைகளாகச் சேருங்கள். பெர்க்வில், ஸ்டெர்க்ஃபோன்டைன் என்று இரண்டு குத்தினால் போதும், கருவி தன் இஷ்டத்துக்குத் திரும்பாது.

முகாம்களில் முகவரி என்று ஒன்று இருப்பதில்லை, ஆயத்தொலைவு எண்கள்தான் தருவார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. தாளில் "தெற்கு 28° 30.5', கிழக்கு 28° 37.0'" என்று இருந்தால் அது பாகையும் நிமிடமும். தசமத்தில் அது -28.508, 28.617. அவசரத்தில் -28.305, 28.37 என்று அடித்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஏதோ ஒரு சோளக் காட்டில் கொண்டுபோய் விடும். முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டால் பூமத்திய ரேகையைத் தாண்டி எகிப்துப் பாலைவனம். அதனால் நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள், தெற்கு என்றால் கழித்தல் போடுங்கள், அடித்த பிறகு புள்ளி எந்த ஊருக்குப் பக்கத்தில் விழுகிறது என்று பாருங்கள். இது உங்கள் வேலையாக இருக்கட்டும், வீட்டுக்காரரிடம் விடாதீர்கள்.

கருவி சொல்லும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது காருக்குப் போட்ட கணக்கு. 240 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சராசரி 110 என்றால் இரண்டு மணி பதினோரு நிமிடம். கேரவனோடு சராசரி 75 கிடைத்தாலே நல்லது, அப்போது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். வடைக்கும் தேநீருக்கும் நிறுத்துவதைச் சேர்த்தால் நான்கு. கோடையில் டிராக்கன்ஸ்பெர்க்கில் பிற்பகலில் இடி மழை பிடிக்கும், அதற்கு முன் கேரவனை நிறுத்தி மட்டம் பார்த்திருக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்புங்கள்.

ஓடும்போது உங்கள் குரல்தான் அவருக்குக் கருவி. கருவி கடைசி நேரத்தில் "இப்போது திரும்பு" என்னும். கேரவன் பின்னால் தள்ளும்போது அது போதாது. ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே, "அடுத்த இடது, பெட்ரோல் பங்க் தாண்டி" என்று சொல்லிவிடுங்கள். திருப்பம் தவறிவிட்டால் அவசரமாக எதுவும் சொல்லாதீர்கள். நேரே போகட்டும். திரும்ப அகலமான இடம் வரும்வரை பத்து கிலோமீட்டர் போனாலும் பரவாயில்லை.

கடைசியாகக் குரூகர். டர்பனிலிருந்து பூங்காவின் மலேலேன் வாசலுக்கு வழி கேட்டால் பெரும்பாலும் போங்கோலா பக்கம் எஸ்வாட்டினி நாட்டுக்குள் நுழைத்து வெளியே எடுக்கும். அது கிட்டத்து வழிதான், ஆனால் இரண்டு எல்லைச் சாவடி. இரவில் மூடும் சாவடிகளும் உண்டு. எல்லையே வேண்டாம் என்றால் பியட் ரெட்டீஃபை (இப்போது எம்கொண்டோ) இடைநிலையாகக் குத்தி, மேலே போய் என்4 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். எஸ்வாட்டினி வழிதான் என்றால் எல்லோருக்கும் பாஸ்போர்ட், பேரப்பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம், காருக்கும் கேரவனுக்கும் தனித்தனிப் பதிவுப் பத்திரம் வேண்டும். 750 கிலோவைத் தாண்டிய கேரவனை இழுக்க வீட்டுக்காரரிடம் ஈபி உரிமம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள், அது டிசம்பருக்கும் தேவை. கார் வங்கிக் கடனில் இருந்தால் நாட்டை விட்டு எடுத்துப் போக வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது கைக்கு வரச் சில நாட்கள் ஆகும், ஜூன் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.