அருங்காட்சியகத்தில் 'கற்கால ஆயுதம்' என்று வைத்திருப்பவை வெறும் உடைந்த கற்கள்தானே? மனிதன் செய்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லைப் பார்த்து, 'இதற்கா டிக்கெட்' என்று நொந்து திரும்பியவர் போலிருக்கிறது நீங்கள். நானும் நொந்தவன்தான், காரணம் வேறு.

முதலில் பதில். சக்கிமுக்கிக் கல்லை இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால் கண்ணாடி மாதிரி சில்லு பெயரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு, அதைச் சுற்றி அலை அலையாக வரி. மலையில் உருண்ட கல்லிலும் ஒன்றிரண்டு அப்படி விழலாம். ஓரம் முழுக்க, இரு பக்கமும் மாற்றி மாற்றி விழுந்திருந்தால் அது கைவேலை. சக்கிமுக்கி இங்கிலாந்தில் நிறையக் கிடைப்பது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் எடுத்த கற்கருவி குவார்ட்சைட் என்ற கெட்டிக் கல். எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் புதிய கற்காலத்தில் டாலரைட் என்ற கறுப்புக் கல்லைச் செதுக்கி, தேய்த்து வழவழவென்று கோடாரி ஆக்கியிருக்கிறார்கள்.

அதில் ஒன்று எங்களிடம் இருந்தது. பர்கூர் பக்கம் மாந்தோப்பில் தாத்தா குழி வெட்டும்போது வந்ததாம். உள்ளங்கை நீளம், ஒரு முனை குறுகல், மறு முனை உளி வாய். ஆயா அதைக் கொல்லைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள், குங்குமம் வைப்பாள். எட்டு வயதில் நான் அதை எடுத்து மாங்கொட்டை உடைத்தேன். வாய்ப்பக்கம் கட்டைவிரல் நகம் அளவு தெறித்துவிட்டது. விளக்குமாற்று அடி விழுந்தது.

1990களின் கடைசியில் ஜோல்னாப் பை மாட்டிய ஒருவர் வந்தார். ஆராய்ச்சிக்கு வேண்டும், உங்கள் பெயரோடு அருங்காட்சியகத்தில் வைப்பார்கள் என்றார். காபியும் கொடுத்து, கல்லையும் கொடுத்தோம். ஊர்ப் பெயரைக்கூட அவர் எழுதிக்கொள்ளவில்லை. 'கலெக்டர் ஆபீசில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்' என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். சரி, தெரியாமல்தான் கொடுத்தோம்.

2022இல் எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் சொன்னபோது ஊரே பெருமைப்பட்டது. எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது. இரும்புக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் கையில் அப்படிப்பட்ட கோடாரிதானே! அப்புறம் போகிற ஊரிலெல்லாம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து பார்ப்பது வழக்கமாயிற்று.

போன வருடம் ஓரிடத்தில் (ஊரைச் சொல்லமாட்டேன், வம்பு வேண்டாம்) கால் நின்றுவிட்டது. அட்டையில் 'கற்கோடாரி, புதிய கற்காலம், தர்மபுரி மாவட்டம்'. கிருஷ்ணகிரி 2004இல்தான் பிரிந்தது; அதுவரை நாங்களும் தர்மபுரி. கல் முழுக்கச் சாம்பல் பூத்திருக்க, வாய்ப்பக்கம் நகம் அளவு மட்டும் கறுகறுவென்று புதுத் தெறிப்பு. அந்தக் காலத்துத் தெறிப்பென்றால் அங்கேயும் சாம்பல் ஏறியிருக்கும்.

எங்கள் கல்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். மாங்கொட்டை உடைத்த பையன் நான் ஒருவன்தானா? எந்தக் கொல்லை, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்று கேட்டேன். 'பதிவேட்டில் இவ்வளவுதான் சார் இருக்கு' என்றார் ஊழியர். இதெல்லாம் போனபின் நீங்கள் சொல்கிற 'வெறும் கல்'லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வகையில் உங்கள் கேள்வி பாதி நியாயம்.

தோப்பு என்றதும் இன்னொன்று. மாங்கூழ் ஆலைக்காரர்கள் பெங்களூரா மாங்காய்க்குத் தரும் விலை பறிப்புக் கூலிக்கே காணவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். மரங்களை எடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஜேசிபி வேரோடு பிடுங்கும்போது என்னென்ன கல் வருமோ!

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று அம்மா தென்பெண்ணை ஆற்றுக் கூழாங்கல் ஒன்றை வைத்திருக்கிறாள். அதற்கும் வெள்ளிக்கிழமை மஞ்சள் உண்டு. போன மாதம் காலேஜ் பையன் ஒருவன் வந்து, எந்தக் காலத்துக் கல் என்று விசாரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.