ஜுராசிக் கடற்கரையை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி?

கேள்வி: அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை. லண்டனிலிருந்து காரில், பத்து வயதுப் பையனோடு இரண்டு நாள் போகிறோம். டர்டில் டோர், லல்வொர்த், லைம் ரீஜிஸ் மூன்றையும் பார்க்க முடியுமா? பையன் கையால் புதைபடிவம் பொறுக்க வேண்டுமாம், கிடைக்குமா?

பதில்: பார்க்கலாம், கிடைக்கும். ஆனால் விடுதியைப் பதிவு செய்வதற்கு முன் கடல் எந்த நேரத்தில் வற்றும் என்று பாருங்கள். இந்தக் கரையில் நாளின் திட்டத்தைப் போடுவது கடல்தான்.

இங்கிலாந்தின் தெற்கே எக்ஸ்மத்திலிருந்து ஸ்டட்லண்ட் வரை 95 மைல் நீளும் இந்தக் கரை 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வட்டமான வளைகுடாவான லல்வொர்த்தும், கடலில் நிற்கும் பாறை வளைவான டர்டில் டோரும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். லைம் ரீஜிஸ் அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 40 மைல், காரில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் பாழ். நடுவில் உள்ள டார்செஸ்டரில் தங்கி, ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் மேற்கே போங்கள்.

எந்த நாள் மேற்கே என்பதை ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, சொல்லும். லைம் ரீஜிஸ் பக்கம் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் நன்றாக உள்வாங்கும். அதுவும் நண்பகலை ஒட்டியோ பிற்பகல் தொடக்கத்திலோ உள்வாங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அப்போது ஏறத்தாழ 4 மீட்டர் வித்தியாசம். அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ ஏற்ற இறக்கமே குறைவு, வற்றமும் காலையிலும் மாலையிலுமாக விழும். ஆகவே தேதியைக் குறிக்க வீட்டு நாட்காட்டியே போதும். துல்லியமான நேரத்தை ஈஸிடைட் என்ற ஓத அட்டவணை இணையதளத்தில் ஏழு நாள் முன்வரை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன் போகிறீர்கள் என்றால் அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

புதைபடிவத்துக்கு லைம் ரீஜிஸைவிடப் பக்கத்திலுள்ள சார்மத் நல்லது. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கரையில் இறங்குங்கள், கடல் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்புங்கள். இறங்கும் இடத்திலேயே உள்ள பாரம்பரியக் கரை மையத்துக்கு முதலில் போய்விடுங்கள். அன்று எது எங்கே கிடைக்கிறது, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று சொல்வார்கள். அவர்கள் நடத்தும் வழிகாட்டி நடைக்கு முன்பதிவு தேவை. குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் வீண் போகாது.

எல்லோரும் செய்யும் தவறு, சுத்தியலோடு நேரே செங்குத்துச் சரிவுக்குப் போவது. சரிவைத் தோண்டக் கூடாது. தோண்டத் தேவையும் இல்லை. மழையும் அலையும் களிமண்ணைக் கரைத்துப் புதைபடிவங்களைக் கரையில் போட்டுவிடுகின்றன. தேட வேண்டியது கூழாங்கல்லும் மணலும் சந்திக்கும் இடத்திலும், கற்களுக்கு இடையே தேங்கிய சின்னக் குட்டைகளிலும்தான். குனிந்து, மெதுவாக, ஒரே இடத்தில் பத்து நிமிடம் பாருங்கள். துப்பாக்கித் தோட்டா போலக் கூர்ந்திருப்பது பெலம்னைட். கணவாய் மீனின் பழைய உறவு. இது கிடைக்காமல் திரும்புகிறவர் குறைவு. பொன்னிறத்தில் நாணயம் அளவே உள்ள சுருள், பைரைட் என்ற இரும்புக் கனிமம் ஏறிய அம்மோனைட், அற்றுப்போன ஒரு கடல் உயிரின் ஓடு. நம் பூஜையறைச் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் இந்த அம்மோனைட் வகைதான். புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் என்றால் யோகம். அதனால்தான் கோடையைவிடக் குளிர்காலம் இதற்கு ஏற்றது.

ஆனால் புதைபடிவத்தைத் தரும் அதே சரிவுதான் ஆளையும் அமுக்கும். மழைக்குப் பிறகு அடிவாரத்தில் வழிந்து நிற்கும் சேறு மேலே காய்ந்தது போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கிவிடும். அதன் மேல் ஏற வேண்டாம், சரிவை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம். சார்மத்திலிருந்து லைம் வரை கரையோரமாகவே நடந்துவிடலாம் என்றும் இறங்கிவிடாதீர்கள். கடல் ஏறினால் இடையில் மேலேறித் தப்ப வழியில்லை. இந்தக் கரையை நன்கு அறிந்த, புதைபடிவம் தேடுவதில் பெயர்பெற்ற மேரி ஆனிங்கே 1833இல் ஒரு சரிவில் தன் நாயைப் பறிகொடுத்தார். மண் அவரை மயிரிழையில் விட்டது.

1799இல் லைமில் பிறந்தவர் அவர். 1811இல் அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுக்க, மறு ஆண்டு மேரி அதன் உடலைக் கண்டுபிடித்தார்: இக்தியோசார் என்ற, அற்றுப்போன கடல்வாழ் ஊர்வன. அப்போது அவருக்கு வயது பன்னிரண்டுதான். இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லைம் அருங்காட்சியகம் நிற்பது அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான். நேரம் இருந்தால் லைமில் காப் என்ற பழைய கல் துறைமுகச் சுவருக்கு மேற்கே, மன்மத் கரைக்கும் போங்கள். கடல் வற்றினால் பாறைத்தளம் முழுக்கப் பெரிய பெரிய அம்மோனைட் பதிவுகள் தெரியும். அவை பார்ப்பதற்கு மட்டுமே. பாசி வழுக்கும், செருப்பு உதவாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

லல்வொர்த் நாளுக்கு ஓதத்தைவிட நேரத்தில் கிளம்புவது முக்கியம். விடுமுறை நாட்களில் வாகன நிறுத்தம் சீக்கிரம் நிரம்பும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். வளைகுடாவுக்கு முன்னால், பக்கத்திலேயே இருக்கும் ஸ்டேர் ஹோலைப் பாருங்கள். கடல் ஓரத்தில் கடினச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், அதன் பின்னால் மென்மையான களிமண், அதற்கும் பின்னால் வெள்ளைச் சுண்ணக்கல். ஸ்டேர் ஹோலில் கடல் சுவரைத் துளைத்து உள்ளே குடையத் தொடங்கியிருக்கிறது. லல்வொர்த்தில் முழுக்கக் குடைந்து வட்டமாக்கிவிட்டது. முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதைப் பார்த்தால் பையனுக்கே புரிந்துவிடும்.

அங்கிருந்து டர்டில் டோர் ஒரு மைல்தான். ஆனால் ஏற்றம் செங்குத்து, மழையில் பாதை வழுக்கும். குழந்தையோடு முக்கால் மணி நேரம் வையுங்கள். வளைவின் மேல் ஏறுவதும் அதிலிருந்து குதிப்பதும் ஆபத்து, 2020 மே மாதம் குதித்த மூவர் படுகாயமடைந்தார்கள். கரை சட்டென்று ஆழமாகும். தண்ணீரில் கால் நனைக்க, மறுபக்கம் பாறைகளின் மறைவில் உள்ள மேன் ஓ' வார் விரிகுடா மேல்.

அன்று வார இறுதியாக இருந்தால் டைனமுக்கும் போகலாம். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்யப்பட்டு, மக்கள் திரும்பவே முடியாமல் போன கிராமம். இன்றும் துப்பாக்கிச் சுடு எல்லைக்குள் இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. திறந்திருந்தாலும் மஞ்சள் குறிகளுக்குள்ளேயே நடங்கள், வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடக்கலாம்.

கண்டெடுத்த பைரைட் அம்மோனைட்டை அப்படியே அலமாரியில் வைத்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் பொடியாக்கிவிடும். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்து, முழுக்க உலர்த்தி, மெல்லிய வார்னிஷ் பூசி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.