வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளின் மதியச் சாப்பாடு

கேள்வி: நானும் என் கணவரும் காரைக்குடியில் வேலை பார்க்கிறோம். காலை எட்டு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் பாக்கெட் நூடுல்ஸ், மற்ற நாள்களில் ரொட்டியும் ஜாமும் அல்லது உறைநிலையில் விற்கும் நக்கெட்ஸைப் பொரித்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். என் மாமியார் அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். நூடுல்ஸ் உறையில் கோதுமை மாவில் செய்தது, இரும்புச்சத்து சேர்த்தது என்று போட்டிருக்கிறார்களே, அது அவ்வளவு கெடுதலா?

— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: என்றோ ஒரு நாள் நூடுல்ஸ் சாப்பிடுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடாது, சகோதரி. அது வாரத்தில் மூன்று நாள் முழுச் சாப்பாடாகவே மாறிவிட்டதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். உறையின் முன்பக்கத்தில் இருப்பதை விளம்பரமாக எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பெரும்பாலான நூடுல்ஸ் உறைகளில் மாவுக்கு அடுத்தபடியாகப் பாமாயில் இருப்பதைக் காண்பீர்கள்; வேகவைத்த இழைகளை எண்ணெயில் பொரித்துத்தான் உலர்த்துகிறார்கள் என்பதே அதற்குக் காரணம். மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவைச் சேர்த்தாலும் இந்த முறை மாறிவிடுவதில்லை. இரும்புச்சத்தைச் சேர்த்துவிட்டதால் உப்பும் குறைந்துவிடப் போவதில்லை.

உப்பைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. உறையில் சோடியம் என்று மில்லிகிராமில் குறித்திருப்பதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். ஒரு வேளைக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் அது 2 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கே ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே வேளையில் இவ்வளவு போவது அதிகம்தான்.

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் உணவுகளை, அவற்றில் உள்ள சத்தைக் கொண்டு அல்லாமல், அவை எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்காவது வகைதான் மிகை பதப்படுத்திய உணவு: வீட்டு அடுப்பங்கரையில் யாரும் வைத்திருக்காத குழைமமாக்கிகள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்ப்பவை), செயற்கை மணமூட்டிகள், நிறமிகள், மாற்றியமைத்த ஸ்டார்ச் போன்றவற்றைக் கொண்டு ஆலையில் உருவாக்கப்படுபவை. உறையில் ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்; அதில் 627, 631 என்று வருபவை சுவைகூட்டிகள். எண் இருப்பதாலேயே ஒன்று நஞ்சாகிவிடாது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் 330 என்று எண் உண்டு. ஆனாலும் அப்படிப்பட்ட எண்கள் வரிசையாக நீண்டுகொண்டே போகும் பொட்டலத்தை அன்றாடச் சாப்பாட்டிலிருந்து ஒதுக்கி வைப்பது நல்லது.

2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கள் மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகை பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்துப் பார்த்தார்கள். பரிமாறியதில் மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருந்தன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தார்கள். பெரியவர்களிடம் குறுகிய காலத்தில் நடத்திய சிறிய ஆய்வுதான் என்றாலும், அவ்வகை உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள் என்று அதில் பதிவான செய்தி, பிள்ளைகள் நூடுல்ஸ் டப்பாவைக் காலி செய்யும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு வியப்பைத் தராது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டு நெறிகளில், மிகை பதப்படுத்திய உணவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

இனி உங்கள் காலை நேரத்துக்கு வருவோம். வீட்டுச் சாப்பாடு என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குழம்பு, கூட்டு, பொரியல் என்று சமைக்க வேண்டும் என நினைத்துத்தான் பலரும் பொட்டலத்தை நாடுகிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் அவசரத்துக்கு உதவும் உணவு எப்போதும் இருந்தே வந்திருக்கிறது. நாள்பட இருக்கும் உணவைக் கட்டிக்கொண்டு பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்யப் போனவர்களின் ஊர் அல்லவா இது! பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலைப் பொடி, தக்காளித் தொக்கு ஆகியவற்றில் இரண்டை ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்துக்கொண்டால், அந்த வாரத்தில் இரண்டு மூன்று நாள் சோறு வடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். தோசை மாவு இருந்தால் சின்ன வெங்காயமும் கேரட்டும் வதக்கிச் சேர்த்து, கல்லில் ஆளுக்கு ஏழெட்டு காரக் குழிப்பணியாரம் ஊற்றிவிடலாம். கையால் எடுத்துத் தின்ன வசதியாக இருப்பதால் பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை. முதல் நாள் இரவே பிழிந்து அவித்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்த இடியப்பத்தை உதிர்த்து, எலுமிச்சையும் கடலைப்பருப்பும் போட்டுத் தாளிக்கப் பத்து நிமிடம் போதும். இவற்றோடு இரவில் ஊறப் போட்ட கொண்டைக்கடலையையோ பாசிப்பயற்றையோ சுண்டலாக்கி வைத்துவிட்டால் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்துவிடும். நக்கெட்ஸ் வேண்டும் என்று பிள்ளை அழுதால், கோழியைச் சிறு துண்டுகளாக்கி மிளகும் சோம்பும் சேர்த்துப் பிரட்டிக் கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் கடிதத்தில் சமைப்பவரும் நீங்கள், கட்டிக் கொடுப்பவரும் நீங்கள், பேச்சு வாங்குபவரும் நீங்கள். கணவரும் அதே எட்டு மணிக்குத்தானே கிளம்புகிறார்? இரவில் காய் நறுக்குவதும் காலையில் டப்பாக்களை நிரப்புவதும் அவர் பொறுப்பாகட்டும். முகம் சுளிக்கும் மாமியாரிடம் புளிக்காய்ச்சல் பக்குவத்தைக் கேட்டு, அதை அவர் கையாலேயே செய்து தரச் சொல்லுங்கள்; முடியாது என்று சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கடையில் விற்கும் தோசை மாவு, இடியப்ப மாவு, வத்தல், ஊறுகாய், தேன்குழல் எல்லாமே பதப்படுத்தியவைதானே? இவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். அரைப்பதும் புளிக்க வைப்பதும் வெயிலில் உலர்த்துவதும்கூடப் பதப்படுத்துதல்தான் என்றாலும் அவை அந்த நான்காவது வகையில் சேர்வதில்லை. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு ஆகியவை மட்டும் உள்ள கடை மாவைத் தயங்காமல் வாங்கலாம். பால், தயிர், அவல், ரவை இவையும் பொட்டலத்தில்தான் வருகின்றன. ஆனால் வத்தலிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதி, தேன்குழலில் எண்ணெய் மிகுதி. வீட்டில் செய்தது என்பதற்காக மோர்மிளகாயையும் அப்பளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தட்டுச் சோற்றை முடிப்பது நல்ல சாப்பாடு ஆகாது. செட்டிநாட்டுப் பலகாரம் என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் ஒரே தரமும் அல்ல. உறையில் பாமாயில் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் பேரன் ஆறே முக்காலுக்குப் பள்ளி வேன் ஏறுகிறான், சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு. வெயில் காலத்தில் சோறு சளசளத்து நாற்றம் அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டு வருகிறான். அதற்கு பிஸ்கட்டே மேல் என்கிறாள் என் மருமகள்.

— ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

பதில்: பிஸ்கட் வேண்டாம் ஆச்சி, கட்டும் முறையை மாற்றினாலே போதும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகுகின்றன. அது உண்டாக்கும் நஞ்சுகளில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் போகாது என்பதால், வாடை வந்த சோற்றைச் சுடவைத்துக் கொடுக்கவே கூடாது. 60 டிகிரிக்கு மேல் சூடு தங்கினால் இந்தக் கிருமி பெருகாது. ஆகவே சூடு தாங்கும் டப்பாவில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை நிறைய வைத்து இறுக மூடுங்கள். அரை டப்பாச் சோற்றில் சூடு தங்காது.

சாதாரண எவர்சில்வர் டப்பாவாக இருந்தால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு இவையே ஏற்றவை. புளிப்பு கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகு கிளறிக் கட்டினால் மூடியில் வியர்த்துச் சொட்டாது. தயிர்ச்சோற்றுக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகக் கலந்து பிசைந்தால் மதியத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலாவும் வெயில் காலத்தில் வேண்டாம்; நல்லெண்ணெயில் குழைத்த பொடியோ சுண்ட வதக்கிய கத்தரிக்காயோ வைக்கலாம். முதல் நாள் மீந்த சோற்றில் தாளித்துக் கட்டுவதாக இருந்தால், அது இரவே குளிர்பெட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்து அனுப்பினாலும், பள்ளி வாசலை ஒட்டிய கடையில் சிப்ஸும் குளிர்பானமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு டப்பாவை அப்படியே கொண்டு வருகிறான். கடையை யார் கேட்பது?

— ஒரு தந்தை, புதுவயல்

பதில்: நீங்களே கேட்கலாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்திருக்கிறது. முதலில் பெற்றோர் சிலராகச் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு மனு அனுப்புங்கள். கடைக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை அளந்து மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அதுவரை பையனிடம் காசு கொடுத்து அனுப்புவதை நிறுத்தி வையுங்கள்.