சர்க்கரைப் புண்ணுக்கு வேக்யூம் மெஷின் வைக்கலாமா?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை. கால் விரலை எடுத்த இடத்தில் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சின்ன வேக்யூம் மெஷின் வைக்கலாம் என்கிறார்கள். செலவு அதிகம். பலன் இருக்குமா? வீட்டில் ராத்திரி நின்றுவிட்டால்?"

பலன் இருக்கும், ஆனால் காலுக்கு ரத்தம் சரியாகப் போக வேண்டும். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், உங்கள் அப்பாவைப் போலவே பாதத்தில் ஒரு பகுதியை எடுத்த 162 சர்க்கரை நோயாளிகளில், மெஷின் வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு 16 வாரத்தில் புண் ஆறியது, சாதாரண டிரெஸ்ஸிங்கில் 39 சதவீதம். அதில் சேர்த்தவர்கள் எல்லாருமே காலில் போதிய ரத்த ஓட்டம் உள்ளவர்கள். அதனால் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தாகிவிட்டதா, எலும்பில் சீழ் பிடித்திருந்தால் அதற்கு வைத்தியம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி, குழாய் வழியாக, பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில், மெஷின் உறிஞ்சும். நீர் வெளியேறும், வீக்கம் வடியும், புதுச் சதை வரும். ஸ்பாஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உறிஞ்சிய நீரைச் சேர்க்கும் டப்பா இல்லாத குட்டி மெஷின்களும் உண்டு, அவை நீர் குறைவாக வடியும் புண்ணுக்கு மட்டும்தான்.

ராத்திரி அலாரம் அடித்தால் பெரும்பாலும் ஃபிலிம் ஓரம் விட்டிருக்கும், சென்னை வியர்வையில், அதுவும் விரல் இடுக்கில், இது சகஜம். ஓரத்தை அழுத்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு சலைனில் நனைத்த காஸ் வைக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் இதைச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் வைத்தார்கள் என்பதை டிரெஸ்ஸிங் மேலேயே எழுதச் சொல்லுங்கள், ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ் பிடிக்கும்.

குழாயில் திடீரென்று சிவப்பாக ரத்தம் வந்தால் மெஷினை உடனே நிறுத்துங்கள், டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காமல் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிடுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இலும் 2011இலும் இந்த ரத்தக்கசிவு பற்றித்தான் எச்சரித்தது, இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தவர்கள். எனவே அப்பாவை ராத்திரியில் தனியாக விடவேண்டாம்.

மெஷினைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்காக அந்தக் காலை ஊன்றி நடக்கவும் விடாதீர்கள். பாரம் விழுந்தால் புண் ஆறவே ஆறாது.

செலவு பற்றி: ஒவ்வொரு முறை மாற்றும்போதும் புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் துளியும் சுருங்கவில்லை என்றால் மெஷின் வாடகையை நீட்டிக்கும் முன் காரணம் கேளுங்கள். இன்னொரு டாக்டரைப் பார்க்க நினைத்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, பழைய ரிப்போர்ட்டுகளோடு போங்கள்.