‘காதுல ஙொய்னு கேக்கும், பழகிடுச்சு’: ஒரு டிஜேவின் கேள்வி

கேள்வி: எனக்கு 29 வயசு. திருப்பூர் பக்கம் கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழாவுக்கெல்லாம் எட்டு வருஷமா டிஜே பண்றேன். முகூர்த்த மாசத்துல வாரம் நாலு புரோகிராம் வரும். பாக்ஸ் ஏத்தி இறக்கி, மணிக்கணக்கா குனிஞ்சு நின்னு இடுப்பு போச்சு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுதான் புரோகிராமே பண்றேன். வீட்டுக்கு வந்தா இடது காதுல ‘ஙொய்’னு ஒரு சத்தம் கேக்கும், காலைல போயிடும். அது பழகிடுச்சு. இடுப்புக்கு ஒரு வழி சொல்லுங்க டாக்டர்.

பதில்: இடுப்புக்குக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவரான எனக்கு, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ‘ஙொய்’தான் பெரிய கவலை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உட்காதில், நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்புக்குள், காதுக்குச் சுமார் 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குக் கடத்துபவை அவைதான். பெருஞ்சத்தத்தில் அடி வாங்கினால் முதலில் சோர்ந்துபோகும். அப்போதுதான் இரைச்சல் கேட்கும், காது அடைத்தது போலிருக்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் செத்துப்போகும். செத்த மயிர்செல் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. காலையில் சத்தம் நின்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் அறுந்தே கிடப்பதை, விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தச் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர் அலைவரிசையை ஒட்டித்தான் தொடங்கும். கூட்டத்தில் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. உங்கள் தொழிலில் இது இன்னொரு விதமாகவும் வெளிப்படும். ட்ரம்ஸின் ஹை-ஹேட் தட்டு மங்கலாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, ஏற்றுவீர்கள். எதிரே ஆடுகிறவர்களுக்குக் காது கிழியும்.

கணக்கு எளிது. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்கு வரும்போது வெறும் 15 நிமிடம். மண்டபத்தில் பாக்ஸ் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு 100 டெசிபல் சாதாரணம். நான்கு மணி நேரம் அங்கே நின்றால், காது ஒரு நாளில் தாங்கக்கூடியதைப் போல் 16 மடங்கு. நியாஷின் ஒலி அளவிடும் செயலி ஐபோனில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த புரோகிராமில், பாட்டை மிக்ஸ் செய்யும் கன்சோல் அருகே வைத்து அளந்து பாருங்கள்.

ஏன் இடது காதில் மட்டும்? ஹெட்போனை இடது காதில் வைத்து அடுத்த பாட்டை க்யூ பண்ணும் (முன்கூட்டியே கேட்டுத் தயாராக வைக்கும்) பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். வெளியே 100 டெசிபல் என்றால், அதை மீறிக் கேட்க ஹெட்போனை அதற்கும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஆனாலும் காரணம் இதுதான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஒற்றைக் காது இரைச்சலுக்கு நரம்புக் கட்டி போன்ற வேறு காரணங்களும் அரிதாக உண்டு. நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்வதால் ஏறக்குறைய பயனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் நன்றாகத் தடுக்கும்; ஆனால் உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் பேஸைக் குறைவாகவும் வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும், பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவீர்கள். உங்களுக்கு வேண்டியது இசைக் கலைஞர்களுக்கான ஃபில்டர் அடைப்பான். எல்லா அலைவரிசைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் பாட்டின் குணம் மாறாது, ஒலி மட்டும் இறங்கும். 9, 15, 25 டெசிபல் ஃபில்டர்கள் உண்டு. செவித்திறன் நிபுணரிடம் காதுக்கு மோல்டு (அச்சு) எடுத்து 15 டெசிபல் ஃபில்டர் போட்டுக்கொண்டால், 100 என்பது 85-க்கு இறங்கும். சரியாகப் பொருந்தினால்தான் இந்தக் கணக்கு. செலவு கொஞ்சம் ஆகும்தான். நீங்கள் வாங்கும் எந்தக் கருவியையும் விட இதற்கு முதலில் காசு ஒதுக்குங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டு காதிலும் அடைப்பான் போட்டு, அதன் மேலேயே ஹெட்போனை வையுங்கள். வெளிச் சத்தமும் ஹெட்போன் சத்தமும் சேர்ந்தே குறைவதால் பீட் மேட்ச் செய்வதில், அதாவது இரண்டு பாட்டின் தாளத்தைப் பொருத்துவதில், சிக்கல் வராது. மைக்கில் பேசும்போது உங்கள் குரல் மண்டைக்குள் முழங்கும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். பாக்ஸ்களை உங்களுக்குப் பின்னால் அடுக்காமல் மேசைக்கு முன்னால் தள்ளி வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும் தள்ளி வைத்த தூரம் வீணாகாது.

இனி இடுப்பு. மண்டபத்துப் பந்தி மேசை உட்கார்ந்து சாப்பிடும் உயரத்துக்குச் செய்தது. அதில் கன்சோலை வைத்தால் நான்கு மணி நேரமும் நீங்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். காலியான கருவிப் பெட்டிகளை அடியில் அடுக்கி, கன்சோல் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி ஏற்றுங்கள். பாதி வலி இதிலேயே குறையும் என்பது என் நம்பிக்கை. ஹெட்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்குவதை அடியோடு விடுங்கள், கழுத்து போய்விடும். பாக்ஸைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பேஸ் பாக்ஸைத் தனி ஆளாகத் தொடவே வேண்டாம். குட்டியானையில் ஏற்ற ஒரு சரிவுப் பலகையும் ஒரு தள்ளுவண்டியும் செய்துகொள்ளுங்கள். வலி வந்தால் படுத்தே கிடக்காதீர்கள். நடமாடினால்தான் சீக்கிரம் ஆறும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த மாத்திரைகளை நிறுத்துங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரும் குடிக்காமல், வாரம் நான்கு நாள் வலி மாத்திரை போட்டால் குடலில் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அதோடு, ஆஸ்பிரின் போன்ற சில வலி மாத்திரைகள் அளவு கூடினால் அவையே காதிரைச்சலை உண்டாக்கும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. இரவு பத்து மணிக்குச் சத்தம் நின்றாலும் வயரைச் சுருட்டி வண்டி ஏற்ற நள்ளிரவு ஒரு மணி ஆகிவிடும், பிறகு வண்டி ஓட்டுவீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்தைப் போல் மங்கிவிடும். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பதே 0.03 தான். நிகழ்ச்சி நாளில் மதியம் தூங்குங்கள், திரும்பும்போது தூங்கி எழுந்த வேறு ஆள் ஓட்டட்டும்.

கேட்கும் திறன் பரிசோதனையை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம். இரண்டு வாரமாவது காது ஓய்ந்திருந்தால்தான் தற்காலிகச் சோர்வு எது, நிரந்தர இழப்பு எது என்று வரைபடத்தில் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே எடுக்கலாம். அறிக்கையை வைத்திருந்து ஒவ்வோர் ஆடியிலும் ஒப்பிடுங்கள். ஆனால் இரைச்சல் ஒரு முழு நாள் தாண்டியும் நிற்காவிட்டால் ஆடிவரை காத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம்.

மோல்டு எடுக்கப் போகும்போது உங்கள் ஹெட்போனையும் கையோடு கொண்டு போங்கள். அடைப்பான் போட்ட காதின் மேல் அது உறுத்தாமல் உட்காரும் அளவுக்கு மோல்டை அமைத்துத் தரச் சொல்லலாம்.