முகாம் சமையலறை: எதையும் வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

கேள்வி: எங்கள் முகாமில் ஒரு வேளைக்கு நூறு பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். இன்று வைத்த பொருள் நாளை கிடைப்பதில்லை, சமைப்பவரும் கழுவுபவரும் முட்டிக்கொள்கிறார்கள். அடுத்த முகாமுக்குள் புது அலமாரிகள் வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. இப்போது அலமாரி வாங்கினால் பொருள் தொலைந்துபோக இன்னும் நாலு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆளில்லாத ஒரு நாளாகப் பார்த்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பரப்புங்கள். மூடியில்லாத பாத்திரம், பாத்திரமில்லாத மூடி, ஒரே அளவில் ஒரு டஜன் கரண்டி, கெடு தேதி முடிந்த பாக்கெட், விரிசல் விட்ட டப்பா என்று ஒரு குவியல் சேரும் பாருங்கள். அதில் எதுவும் திரும்ப உள்ளே போகக்கூடாது, 'எப்பவாவது தேவைப்படும்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், காதில் வாங்காதீர்கள். நறுக்கும் பலகையில் விரலை ஓட்டிப் பாருங்கள், கத்திக் கோடுகள் நகத்தில் தட்டினால் அந்தப் பலகைக்கு ஓய்வு கொடுத்துவிடலாம், எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பள்ளங்களுக்குள் அழுக்கு தங்கிவிடும்.

அறை காலியாக இருக்கும்போதே மேலிருந்து கீழாகக் கழுவிவிட்டு, பொருளை உள்ளே வைப்பதற்கு முன் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சரக்கு வந்து, ஸ்டோர் ரூமுக்குப் போய், நறுக்கப்பட்டு, அடுப்பேறி, பரிமாறும் மேசைக்குப் போவது ஒரு பாதை. எச்சில் தட்டு திரும்பிவருவது இன்னொரு பாதை. உங்கள் ஆட்கள் முட்டிக்கொள்வது இந்த இரண்டும் குறுக்கிடும் இடத்தில்தான். எச்சில் தட்டு வைக்கும் மேசையைப் பரிமாறும் இடத்திலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு வாசல் பக்கமாகப் போட்டுப் பாருங்கள், பாதி நெரிசல் அதிலேயே போய்விடும். அப்புறம், கத்தியும் பலகையும் நறுக்கும் மேசையிலேயே இருக்கட்டும், கரண்டி, உப்பு, எண்ணெய் எல்லாம் அடுப்படியில் நிற்பவர் நகராமல் எட்டும் தூரத்தில். பெரிய பாத்திரங்கள் கீழ்த்தட்டில்தான், தலைக்கு மேலே கனமான எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு முகாமுக்கும் ஆள் மாறும், அதனால் ஒழுங்கு உங்கள் மனதில் இருந்து பயனில்லை, சுவரில் இருக்க வேண்டும். அலமாரித் தட்டில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கரண்டிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு மார்க்கரால் சுற்றி வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை. மருந்து வைக்கலாமா?

பதில்: உணவு இருக்கும் அறையில் விஷ மருந்தா? வேண்டவே வேண்டாம். சுண்டெலி நுழைய 6 மி.மீ. ஓட்டை போதும், அதாவது ஒரு பென்சில் நுழையும் இடம். கதவின் அடி, குழாய் வரும் துளை இரண்டையும் முதலில் பாருங்கள், ஓட்டைக்குள் கம்பிநாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். மூட்டைகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும், அப்போதுதான் பின்பக்கம் பெருக்கவும் முடியும், புழுக்கை கிடந்தால் கண்ணிலும் படும். பிரித்த பாக்கெட் எல்லாம் இறுக்கமான மூடியுள்ள டின்னுக்குள் போகட்டும். புதுச் சரக்கைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் கெடு தேதிப் பிரச்சினையும் குறையும்.

கேள்வி: மீந்த உணவைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. வெளிப்பக்கம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமி பெருக வசதியான சூடு. 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் ஊற்றி, தட்டை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறிவிடுங்கள். 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். திரும்பச் சூடாக்கும்போது நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அலமாரிக்கு முன்னால் ஒரு உணவுத் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவ யாரும் வருவதில்லை. வந்தாலும் அரைகுறை.

பதில்: தினமும் அதே ஆட்களை நிறுத்தினால் யார்தான் வருவார்கள்? வேளைக்கு ஒரு குழு என்று முறை போட்டு, பட்டியலைச் சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள், பொறுப்பாளர் பெயரும் அதில் இருக்கட்டும். வேலையும் எளிதாக இருக்க வேண்டும். எச்சிலை வழித்துக் கொட்ட ஒரு வாளி, பிறகு வரிசையாக மூன்று தொட்டி: சோப்புப் போட்ட சுடுதண்ணீர், அலசும் தண்ணீர், கடைசியாக 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்தது. அதில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துக் கவிழ்த்து வைத்தால் தானாகக் காயும், துணியால் துடைத்தால் துணியிலுள்ள அழுக்கு தட்டுக்கு வரும். ப்ளீச்சோடு வேறெந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வயிற்றுப்போக்கு இருப்பவரை முறை வந்தாலும் அனுப்பாதீர்கள், நின்றபிறகும் 48 மணி நேரம் சமையலறைப் பக்கமே வேண்டாம்.