எதிர்மனுதாரர் டியோக்னோ

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸ் வழக்கறிஞர் ஹொசே டியோக்னோ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்டத்தில் சிக்கியவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடியவர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஓர் உறுத்தல். இப்படிப்பட்டவர்கள் ஏன் அரசியலுக்குப் போகிறார்கள்? ஹாரி ரோக்கேவும் மனித உரிமை வழக்கறிஞர்தான். கடைசியில் அதிபர் துதெர்த்தேயின் செய்தித் தொடர்பாளர் ஆனார். டியோக்னோவும் செனட்டர் பதவியில் இருந்தவர். கோர்ட்டோடு நின்றிருக்கக் கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரிசை தலைகீழாகிவிட்டது. தப்பு என்னுடையது, குறிப்பில் ஆண்டுகளைப் போடவில்லை. டியோக்னோ முதலில் அமைச்சர், பிறகு செனட்டர், பிறகு கைதி. மனித உரிமை வழக்குகளே முழுநேர வேலையானது அதற்கப்புறம்தான்.

படிப்பில் அசகாய சூரர். 1940இல் கணக்காளர் தேர்வில் நாட்டிலேயே முதலிடம், ஆனால் 21 வயதாகாததால் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டப் பட்டம் வாங்காமலே உச்ச நீதிமன்றத்தின் தனி அனுமதியோடு 1944இல் வழக்கறிஞர் தேர்வு எழுதி, அதிலும் முதலிடத்தை ஹொவிடோ சலோங்கா என்பவரோடு பகிர்ந்துகொண்டார்.

1962இல் அதிபர் மகபகாலின் நீதித்துறை அமைச்சர். ஹாரி ஸ்டோன்ஹில் என்ற அமெரிக்கப் பணக்காரரின் நிறுவனங்களிலும் வீடுகளிலும் சோதனை போட வைத்தார். யார் யாருக்கு அந்த ஆள் படியளந்தார் என்பது வெளியே வரும் நேரத்தில், டியோக்னோவுக்குப் பதவி போனது. ஸ்டோன்ஹில் நாடு கடத்தப்பட்டார். லஞ்சம் கொடுத்தவனை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வாங்கியவன்மேல் எப்படி வழக்குப் போடுவது என்று டியோக்னோ கேட்டார். மறு ஆண்டு செனட்டர் ஆனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நேர்மையான அமைச்சர் என்ற பெயரோடு போயிருக்கும். ஆனால் 1967இல் ஒரு தீர்ப்பு வந்தது: ஸ்டோன்ஹில் எதிர் டியோக்னோ. சோதனைக்கு வாங்கிய 42 வாரண்டுகளும் என்ன குற்றம் என்றே குறிப்பிடாத பொத்தாம்பொது வாரண்டுகள், அவற்றில் வீடுகளுக்கு வாங்கியவை செல்லாது. வீடுகளில் கைப்பற்றியவற்றைச் சாட்சியமாக வைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனிமனிதரின் வீட்டுக்குள் அரசு நுழைவதற்கு வரம்பு போட்ட தீர்ப்பு என்று அந்த நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். அதில் எதிர்மனுதாரர் நம்ம ஆள்!

இதைக் களங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு கதவைத் தட்டும்போது அந்தப் பக்கம் நின்று பார்த்தவர் அவர். ராணுவச் சட்டம் தொடங்கியபோது, 1972 செப்டம்பர் 23 அதிகாலையில், இந்தப் பக்கத்தையும் பார்த்தார். வீட்டுக்கு வந்து கூட்டிப்போனார்கள். விட்டது 1974 செப்டம்பர் 11, மார்கோஸின் பிறந்தநாளன்று. இரண்டு ஆண்டுக்கு 12 நாள் குறைவு. குற்றச்சாட்டு என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இடையில், 1973இல், அவரையும் எதிர்க்கட்சி செனட்டர் நினோய் அகினோவையும் நுவேவா எசிஹா மாகாணத்தில் லவுர் ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் தனித்தனி அறைகளில் பூட்டி வைத்தார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. இருவரும் பாடுவார்களாம். ஒருவர் குரல் கேட்டால் மற்றவருக்கு, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும்.

கோர்ட்டோடு நின்றிருக்கலாமே என்கிறீர்கள். சிறையிலிருந்து ஆட்கொணர்வு மனு போட்டவர், 1973 டிசம்பரில் அதை வாபஸ் வாங்கக் கேட்டார். மார்கோஸின் புதிய அரசியல் சாசனத்துக்கு நீதிபதிகள் உறுதிமொழி எடுத்தாயிற்று, இனி இவர்களிடம் எனக்கு நியாயம் கிடைக்காது என்பது அவர் வாதம். அனுமதிப்பதா வேண்டாமா என்று நீதிபதிகளே இரண்டுபட்டார்கள். கடைசியில் ஆளை விட்டுவிட்டதால் மனு தானாகவே காலாவதியானது.

தன் வழக்கில் அந்த நீதிமன்றத்தை நம்பாத மனிதர், வெளியே வந்த அதே ஆண்டு தன்யாடா, ஜோக்கர் அரோயோ போன்ற வழக்கறிஞர்களோடு ஃப்ளாக் என்ற இலவச சட்ட உதவி அமைப்பைத் தொடங்கி, மற்றவர்களுக்காக அதே படிகளை ஏறினார். ஜெயிப்பதற்காக அல்ல என்றே நினைக்கிறேன். முகாம் வாசலில் ஒரு வக்கீல் போய்ப் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டால், அந்தப் பெயர் ஏதோ ஒரு காகிதத்தில் ஏறிவிடுகிறது. அப்புறம் அந்த ஆளைச் சத்தமில்லாமல் காணாமலாக்குவது கொஞ்சம் கடினம். லவுரில் இருந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1986இல் மார்கோஸுக்குப் பின் வந்த அதிபர் கொரி அகினோவின் அரசில் மனித உரிமைக் குழுவுக்குத் தலைவரானார். 1987 ஜனவரி 22 அன்று மெந்தியோலா தெருவில் நிலம் கேட்டு ஊர்வலம் போன விவசாயிகளை அரசுப் படைகள் சுட்டுக் கொன்றன. தன் சிறைத்தோழனின் மனைவி நடத்திய அரசு அது. ராஜினாமா செய்தார். அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. 65ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், பிப்ரவரி 27 அன்று இறந்தார்.

ரோக்கே பற்றி நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருத்தமான ஆள் டியோக்னோவின் மகன் செல். ஃப்ளாக்குக்குத் தலைவராக இருந்தவர், 2019இலும் 2022இலும் செனட்டுக்கு நின்று தோற்று, 2025இல் அக்பயான் கட்சிப் பட்டியலில் கீழவைக்குள் போயிருக்கிறார். அப்பாவைக் கூட்டிப்போன அன்று அவருக்கு வயது 11.